சரக்கு ரயிலை முழுதாகப் படமெடுக்க: சாமாவிலிருந்து கும்ப்ரஸ் கணவாய் வரை

அமெரிக்காவின் ரியோ கிராண்டே ரயில்வேயின் நேரோ கேஜ் (ஒடுங்கிய பாதை) சரக்கு ரயிலைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது: ரயில் எந்தத் திசையில் போகிறது, அதில் என்ன ஏற்றியிருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போகிறவர் எங்கே நிற்க வேண்டும், எந்த நொடியில் ஷட்டரை அழுத்த வேண்டும் என்பதில் பாதி தானாகவே தெளிவாகிவிடும். தெரியாமல் போகிறவர் கரும்புகை கக்கும் எஞ்சின் ஒன்றின் படத்தோடு திரும்புவார். அந்தப் படம் அழகாகவே இருக்கலாம். ஆனால் சரக்கு ரயில் என்பது எஞ்சின் மட்டும் அல்லவே. பின்னால் வரும் பெட்டிகளுக்காகத்தான் எஞ்சினே அந்த மலையில் ஏறியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870இல் வில்லியம் ஜாக்சன் பால்மர் டென்வரில் தொடங்கிய டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில்வே, மலைகளுக்குள் வளைந்து நெளிந்து போவதற்காக மூன்றடி அகலப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதாவது 914 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடவும் ஒடுங்கியது. 1880 முடியும் தறுவாயில் தண்டவாளம் நியூ மெக்சிகோவின் சாமாவை எட்டியது, மறு ஆண்டு கொலராடோவின் டுராங்கோவை. பிற்காலத்தில் கம்பெனி தன் முக்கியப் பாதைகளையெல்லாம் அகலப்படுத்திக்கொண்டது. இந்த மூலை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1968இல் சரக்குப் போக்குவரத்து நின்றது. 1970இல் கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் சேர்ந்து கொலராடோவிலுள்ள ஆன்டோனிட்டோவுக்கும் சாமாவுக்கும் இடையிலான 64 மைல் பாதையை எஞ்சின்கள், பெட்டிகள், கொட்டகைகளோடு வாங்கிக் காப்பாற்றின. தாய்க் கம்பெனி 1988இல் சதர்ன் பசிபிக்கை வாங்கியது. 1996இல் இரண்டுமே யூனியன் பசிபிக்குக்குள் கரைந்துபோயின. பழைய ரியோ கிராண்டே கம்பெனி இன்று இல்லை.

மிஞ்சியிருக்கும் 64 மைலில் கும்ப்ரஸ் அண்டு டோல்டெக் ரயில்வே கோடைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. சரக்கு ரயில் தினமும் ஓடாது. பழைய சரக்குப் பெட்டிகளைக் கோத்து, படமெடுப்பவர்களுக்கென்றே ஓட்டும் தனி ரயில்களை ஏற்பாட்டாளர்கள் அவ்வப்போது வாடகைக்கு எடுக்கிறார்கள். பெரும்பாலும் சீசனுக்கு முன்னும் பின்னும், சில ஆண்டுகளில் பனிக்காலத்தில். சாதாரண டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலை. ஆனாலும் நான் சொல்வது அதைத்தான்: காசு சேர்த்து ஒரே ஒருமுறை போவதானாலும் சரக்கு ரயிலுக்கே போங்கள். அந்தப் பெட்டிகள் ஓடும் நிலையில் இருப்பதற்குப் பின்னால், 1988இல் தொடங்கிய 'கும்ப்ரஸ் அண்டு டோல்டெக்கின் நண்பர்கள்' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் கோடைதோறும் சாமாவுக்கு வந்து பலகை மாற்றி, வண்ணம் பூசி, எழுத்து எழுதும் உழைப்பு இருக்கிறது. அவர்கள் கை பட்ட பெட்டிகளை ஃபிரேமுக்கு வெளியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரயிலில் என்ன போகிறது என்று பாருங்கள்

ஏற்பாட்டாளர் அனுப்பும் பெட்டிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு இது எந்தக் காலத்து, எந்தச் சரக்கு ரயில் என்று முடிவு செய்யலாம்.

எண்ணெய் டாங்கிகள் இருந்தால் அது கிழக்கே போகும் ரயில். சாமாவுக்கு வடக்கே, கொலராடோ எல்லைக்குள் இருந்த கிராம்ப்ஸ் எண்ணெய் வயலின் கச்சா எண்ணெயைச் சாமாவில் டாங்கிகளில் நிரப்பி, கும்ப்ரஸ் கணவாய் ஏற்றி, கிழக்கே கொலராடோவின் அலமோசா ஊரிலிருந்த சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினார்கள். ஆகவே டாங்கி ரயில் சாமாவிலிருந்து மூச்சிரைக்க ஏறும் காட்சி சரித்திரப்படி சரி.

இரும்புக் குழாய்கள் இதற்கு நேர்மாறு. 1950களில் நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன் வட்டாரத்தில் எண்ணெயும் எரிவாயுவும் பொங்கியபோது, குழாய்களும் துளையிடும் வேலைக்கான சேற்றுப்பொடி மூட்டைகளும் அகலப்பாதையில் அலமோசா வரை வந்து, அங்கே நேரோ கேஜ் பெட்டிகளுக்கு மாற்றப்பட்டு மேற்கே போயின. குழாய் ஏற்றிய ரயிலுக்குச் சாமா பக்கச் சரிவு இறக்கம்தான். திரும்பி வரும் பெட்டிகள் காலியாக ஏறும். குழாய்ச் சுமையோடு அந்தச் சரிவிலுள்ள விண்டி பாயிண்டில் புகை கக்கி ஏறும் படத்தைப் பார்த்தால், அந்த வேலையில் இருந்தவர் ஒருவர் உடனே கேட்டிருப்பார்: "இது ஏன் தப்பான திசையில் போகிறது?" நீங்கள் எடுக்கும் படம் அந்தக் கேள்வியைத் தாங்க வேண்டும்.

ஆடு மாடு ஏற்றும், இடைவெளி விட்டுப் பலகை அடித்த பெட்டிகள் இலையுதிர் காலத்துக்கு உரியவை. மலை மேய்ச்சலிலிருந்து செம்மறிகள் இறங்கும் பருவம் அது. ஆஸ்பென் மரங்களின் மஞ்சள் இலைகளோடு அந்தப் பெட்டிகள் பொருந்திப்போகும். சாமா யார்டில் (பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ரயில் வளாகம்) கால்நடைப் பட்டி இன்றும் நிற்கிறது. மூடிய பெட்டிகள் எல்லாப் பருவத்துக்கும் ஆகும். மரமும் மளிகையும் மாவும் அவற்றில் போயின.

கடைசியில் கபூஸ் வேண்டும். நம் ஊர்க் கார்டு வேன்தான், கொஞ்சம் குடியிருப்பு வசதியோடு. அதன் பின்மூலைகளில் மார்க்கர் விளக்குகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள்; அந்தக் காலத்து விதிப்படி மார்க்கர் இல்லாத பெட்டி வரிசையை ரயில் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எஞ்சினின் முகத்தில் இரண்டு சிறிய வெள்ளைக் கொடிகள் இருந்தால் அது கால அட்டவணையில் இல்லாத கூடுதல் ரயில் என்று பொருள். பச்சைக் கொடி என்றால் பின்னால் இன்னொரு பகுதி வருகிறது. இவை அலங்காரத்துக்குக் கட்டியவை அல்ல. கொடியும் மார்க்கரும் தெளிவாகத் தெரியும்படி ஓரிரு படமாவது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படக்காரர்களை ஏற்றிவரும் பயணிகள் பெட்டி வழக்கமாக ரயிலின் வாலில் மாட்டப்பட்டிருக்கும். இந்தப் பாதையில் நாள்தோறும் ஓடிய கடைசிப் பயணிகள் ரயிலான சான் ஹுவான் 1951 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. 1950களின் சரக்கு ரயிலின் பின்னால் பயணிகள் பெட்டி வந்தால் படம் கெட்டது. ஓட்டிக் காட்டும்போது அதைக் கழற்றிவிடுவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். நல்ல ஏற்பாட்டாளர்கள் கழற்றிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஓட்டோ பெர்ரிக்கு ஒதுக்குங்கள். டென்வரில் தபால்காரராக இருந்தவர். விடுமுறைகளிலெல்லாம் ரயில்களைத் தேடிப் போய்ப் படமெடுத்தார். அவர் எடுத்த சுமார் இருபதாயிரம் படங்கள் டென்வர் பொது நூலகத்தில் இருக்கின்றன; இணையத்திலும் பார்க்கலாம். அவற்றில் புகையைவிட நான் அதிகம் கவனிப்பது ரயிலின் நீளத்தை. சாமாவிலிருந்து ஏறும் ரயில்கள் குட்டையாக இருக்கும்: முன்னால் ஓர் எஞ்சின், கபூஸுக்குச் சற்று முன்னால் தள்ளிக்கொடுக்கும் இன்னொரு எஞ்சின். நீளமான சரக்கை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியாகக் கும்ப்ரஸுக்கு ஏற்றி, அங்கே சேர்த்துக் கட்டி, ஒற்றை எஞ்சினோடு அலமோசாவுக்கு இறக்கினார்கள். ஏறும் படத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் போதும் என்ற தெம்பு இதிலிருந்து கிடைக்கும்.

எங்கே நிற்பது

சாமாவின் உயரம் 7,863 அடி. ஊட்டியைவிட உயரமான இடத்திலிருந்துதான் ரயில் ஏறவே தொடங்குகிறது. சுமார் 14 மைலில் 10,015 அடியிலுள்ள கும்ப்ரஸ் கணவாயைத் தொட வேண்டும். ஏற்றம் 4 சதவீதம், அதாவது நூறு அடி ஓடினால் நான்கடி உயர்வு. ரயில்களுக்கு இது செங்குத்து. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில்தான் எஞ்சின் ஏறும். 17ஆம் எண் நெடுஞ்சாலை பக்கத்திலேயே கூட வருகிறது. தனி ரயிலுக்குப் பணம் கட்டாதவர்கள்கூடச் சாலையோர ஒதுக்கிடங்களில் காரை நிறுத்திவிட்டுச் சாலைப் பக்கமிருந்தே நல்ல படம் எடுக்கலாம். தண்டவாளமும் அதன் இருபுறமும் ரயில்வேயின் நிலம். அழைப்பில்லாமல் அதில் கால் வைக்கக் கூடாது. கிராசிங்குக்கு அருகில் காரை நிறுத்தவும் கூடாது.

யார்டை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கரி ஏற்றும் மேடை, இரட்டைக் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, எஞ்சின் கொட்டகை எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. விடியற்காலையில் எஞ்சினைத் தயார் செய்பவர்கள் எண்ணெய்க் குப்பியோடு சக்கரங்களுக்கு இடையே குனிந்திருப்பார்கள். நான் இங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தவிர வேறெதையும் பையிலிருந்து எடுப்பதில்லை.

லோபாட்டோ பாலம் நூறடி உயர இரும்புப் பாலம். பெரிய எஞ்சின்கள் இரண்டு அடுத்தடுத்துச் சேர்ந்து அதன்மேல் ஏறக் கூடாது என்ற எடைக் கட்டுப்பாடு உண்டு. முன்னால் இரட்டை எஞ்சின் பூட்டிய நாளில் முதல் எஞ்சினைக் கழற்றித் தனியே அக்கரைக்கு அனுப்பி, பிறகு ரயில் கடக்கும். பலர் ரயில் பாலத்தில் வரும்வரை கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். தனி எஞ்சின் பாலத்தைக் கடப்பதும், அக்கரையில் காத்து நிற்பதும், மற்றது வந்து சேருவதும்தான் இந்தப் பாலம் சொல்லும் செய்தி. மூன்றையும் எடுங்கள்.

கோக்சோவில் பாதை நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. அங்கே ஒரு முறை எடுத்தபின் அவசரப்படாமல் மேலே நிமிர்ந்து பாருங்கள்: அதே ரயில் பெரிய வளைவைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே பாறைச் சுவரில் விண்டி பாயிண்ட் வழியாக வரும். இந்தப் பாதையில் மிக அதிகமாக எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. இங்கே நீண்ட லென்ஸில் எஞ்சினை இறுக்கிப் பிடிப்பது வழக்கம். நான் அதற்கு எதிர்ப்பக்கம். 200, 300 மில்லிமீட்டர் லென்ஸ் மலையைத் தட்டையாக்கிவிடும். ஒடுங்கிய பாதையில் ஒரு சின்ன ரயில் எவ்வளவு பெரிய பாறையை ஒட்டிப் போகிறது என்ற அளவு தெரியாமல் போய்விடும். 35 முதல் 85 மில்லிமீட்டருக்குள் நில்லுங்கள். ரயில் ஃபிரேமில் கால்வாசி அகலமே இருந்தாலும் பரவாயில்லை, கபூஸ் உள்ளே வர வேண்டும்.

முழு ரயிலையும் ஒரே படத்தில் பிடிக்கச் சிறந்த இடம் கும்ப்ரஸுக்குக் கிழக்கே உள்ள டாங்கிள்ஃபுட் வளைவு. பாதை ஏறத்தாழத் தன்னையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளைகிறது. சாலையோரத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒரு பக்கம், கபூஸ் மறுபக்கம், நடுவில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகத் தெரியும். என்னைக் கேட்டால், சரக்கு ரயிலுக்கு விண்டி பாயிண்டைவிட இதுவே உயர்ந்த இடம். கும்ப்ரஸுக்கு அப்பால் ஒசியர், டோல்டெக் பள்ளத்தாக்கு, 137 அடி உயர கேஸ்கேட் பாலம் ஆகியவை கார்ச்சாலையை விட்டு விலகியிருப்பவை. ரயிலில் இருப்பவர்களுக்கே எளிதில் கிட்டும்.

வெயில், வேகம், புகை

சாமாவிலிருந்து பாதை பொதுவாக வடகிழக்கே ஏறுகிறது. காலையில் ஏறும் ரயிலின் முகத்திலும் வலப்பக்கத்திலும் வெயில் விழும். ஓட்டுநர் உட்காரும் பக்கமும் அதுவே. ஆனால் வளைவுகள் அதிகம். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு மாறும். முந்தின நாளே சாலையில் போய், எந்த வளைவில் எத்தனை மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்வது நல்லது.

கறுப்பு எஞ்சினுக்கு எதிரி உச்சி வெயில். இந்தப் பாதை ஓடுவது 37 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஜூன் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் 76 டிகிரி உயரத்தில் நிற்கும். கொதிகலனுக்குக் கீழே இருப்பதெல்லாம் இருட்டில் மூழ்கிவிடும். பிப்ரவரி நடுவில் அதே நண்பகலில் உயரம் 40 டிகிரிதான். பக்கவாட்டு வெயில் நாள் முழுக்கக் கிடைக்கும். அதோடு தரையில் கிடக்கும் பனி கீழேயிருந்து ஒளியைத் திருப்பி அடித்துச் சக்கரங்களையும் தண்டுகளையும் வெளிச்சமாக்கும். பனிக்காலச் சரக்கு ரயிலுக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன்.

இந்தச் சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இங்கே ஓடும் பெரிய எஞ்சின்கள் கே-36 வகை. பால்ட்வின் ஆலை 1925இல் 480 முதல் 489 வரை எண்ணிட்டுக் கட்டிய பத்தில் ஐந்து இங்கே இருக்கின்றன. 2-8-2 சக்கர அமைப்பு, அதாவது முன்னால் இரண்டு சிறிய சக்கரம், நடுவில் எட்டு இயங்கு சக்கரம், பின்னால் இரண்டு; நம் மீட்டர் கேஜ் ஒய்.ஜி. எஞ்சினுக்கும் இதே அமைப்புதான். ஆனால் கே-36இல் எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே பக்கவாட்டில் நின்றால் சக்கர ஆரங்கள் கண்ணில் படாது. சட்டத்துக்கு வெளியே கனத்த எதிர்எடைகளும் அவற்றைப் பிணைக்கும் தண்டுகளுமே சுழலும். தண்டு கீழ்நிலைக்கு வந்திருக்கும் கணத்தில் எஞ்சின் தரையை ஊன்றி இழுப்பது போலத் தெரியும். மேலே இருக்கும்போது எடுத்தால் எதிர்எடைகள் குவிந்து முட்டுக்கட்டையாகத் தோன்றும். இயங்கும் சக்கரத்தின் விட்டம் 44 அங்குலம், சுற்றளவு பதினொன்றரை அடி. மணிக்குப் பத்து மைலில் சக்கரம் நொடிக்கு ஒன்றேகால் சுற்றுச் சுற்றும். நொடிக்கு எட்டுப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுற்றுக்கு ஆறு முதல் எட்டுப் படம் கிடைக்கும். அதில் தண்டு கீழே இருக்கும் படத்தைப் பொறுக்கலாம். ஒரே படம் எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் காதைப் பயன்படுத்துங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு 'சக்' ஓசை. நாலாவது ஓசைக்கு எண்ணி அழுத்தச் சற்று நேரத்தில் கை பழகிவிடும்.

ஷட்டர் வேகத்தில் பதற்றம் வேண்டாம். முன்முகம் தெரிய முக்கால் பக்கமாக எடுத்தால் 1/500 போதும். நேர் பக்கவாட்டில் பெட்டிகளின் எழுத்தும் எண்ணும் கூர்மையாக வர 1/1000. கேமராவை ரயிலோடு சேர்த்துத் திருப்பி எடுக்கும் படத்துக்கு 1/30. இதற்கு மூடிய பெட்டி வரிசைதான் பொருத்தம், பலகைக் கோடுகள் நேராக நிற்கப் பின்னணி ஓடும்.

ஒளியளவைக் கேமராவிடம் விடாதீர்கள். வெள்ளை நீராவி பொங்கும்போது அது படத்தை இருட்டாக்கும், கறுப்பு எஞ்சின் நெருங்கும்போது வெளுக்க வைக்கும். ஒரே ஓட்டத்தில் பத்துப் படம் பத்து விதமாக வரும். கையால் அளவை நிறுத்திவிடுங்கள். தெளிந்த வெயில் ரயிலின் முகத்தில் பட்டால் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/1600 என்று தொடங்கலாம். பனி பரந்து கிடந்தால் 1/2000. நீராவியின் வெண்மையில் விவரம் தப்பினால் மீட்க முடியாது. எஞ்சினின் கருமைக்குள் இருப்பதை ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

புகை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. தனி ரயில்களில் எஞ்சினின் நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனிடம் கரும்புகை கேட்டு வாங்குகிறார்கள். ஏற்றத்தில் உழைக்கும் எஞ்சினுக்குப் புகை உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கன்னங்கரேலென்று வானத்தை மறைக்கும் புகை எரியாமல் வீணாகும் கரி. நல்ல ஃபயர்மேன் அதற்கு வெட்கப்பட்டிருப்பார். காற்று உங்கள் பக்கம் அடித்தால் அந்தப் புகை கீழே இறங்கிப் பெட்டிகளையெல்லாம் மூடிவிடும். இரண்டு ஓட்டங்களில் ஒன்றையாவது சாம்பல் நிறப் புகையோடு ஓட்டச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அந்த ஓட்டத்தில்தான் கடைசிப் பெட்டிவரை தெரியும். இறக்கத்தில் புகை கேட்பது தவறு. கும்ப்ரஸிலிருந்து சாமாவுக்கு இறங்கும் ரயிலில் எஞ்சினுக்கு இழுவை வேலை கிடையாது, வேலையெல்லாம் பிரேக்குக்கு. பெட்டிகளின் சக்கரங்களிலிருந்து மெல்லிய நீலப் புகை எழும், அதைத் தேடுங்கள்.

கும்ப்ரஸில் ரயில் நிற்கும் நேரம்

மேலே சேர்ந்ததும் எல்லாரும் காபிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். தள்ளிவந்த எஞ்சினைப் பெட்டிகளுக்கிடையிலிருந்து கழற்றுவது இங்கேதான். இணைப்புக் கொக்கி விடுபடும்போது காற்றுக் குழாய் 'டப்' என்று பிரியும். அந்த ஊழியர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று கையசைப்பார். மேற்கே இறங்கப்போகும் சரக்கு ரயிலாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் நுனியிலும் கையளவு நீளமுள்ள ஒரு பிடி இருக்கிறது. அதைத் திருப்பிவைத்தால், ஓட்டுநர் பிரேக் குழாயில் மறுபடி காற்றை நிரப்பும்போதும் அந்தப் பெட்டியின் பிரேக் சிலிண்டரிலுள்ள காற்று முழுவதும் வெளியேறாமல் தங்கும். நான்கு சதவீத இறக்கத்தில் பெட்டிகள் கைமீறாமல் இருப்பது இதனால். பிரேக்மேன் கூரைமேல் பதித்த பலகை நடையில் பெட்டிக்குப் பெட்டி தாண்டிக்கொண்டே போய் ஒவ்வொன்றாகத் திருப்புவார். தோல் உறைக்குள் இருக்கும் அந்தக் கை, பனி ஒட்டிய பிடி, பின்னால் வரிசையாக அடுத்தடுத்த கூரைகள்: 85 மில்லிமீட்டரில், எஃப் 4இல் இதை எடுத்துப் பாருங்கள். எனக்கு இந்தப் பாதையில் கிடைத்தவற்றில் சுவரில் மாட்டியிருப்பது இந்த ஒரு படம்தான்.

ஊழியர்கள் ஒளிரும் மேலாடை அணிந்திருந்தால் கழற்றச் சொல்லாதீர்கள். அது அவர்கள் உயிருக்காக. பழைய காலத்து உடை உடுத்த ஆட்களை ஏற்பாட்டாளரே அழைத்துவருவது உண்டு. இல்லையென்றால் நிழலுருவமாக எடுங்கள்.

வரிசை ஒழுங்கும் ஊதல் மொழியும்

தனி ரயிலில் படமெடுக்கும் முறை இது. ரயில் நிற்கும், எல்லாரும் இறங்கி ஒரே கோட்டில் நிற்பார்கள், ரயில் பின்னால் போய் வளைவுக்கு அப்பால் மறையும், பிறகு முன்னேறி வரும். ரன்பை என்பார்கள். குள்ளமானவர்களும் உட்கார்ந்து எடுப்பவர்களும் முன்னால், டிரைபாட் வைத்தவர்கள் பின்னால். கோட்டைத் தாண்டி ஒரு எட்டு முன்னால் வைத்தால் நாற்பது பேர் படத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். பக்கத்தில் ஒலி பதிவு செய்பவர் இருப்பார்; கடைசிப் பெட்டியின் ஓசை அடங்கும்வரை பேசக் கூடாது. சிவப்பும் ஆரஞ்சும் தவிர்த்து மண்ணிறத்தில் உடுத்துங்கள். ட்ரோனுக்கு அனுமதி வாங்காமல் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஊதல்களைத் தெரிந்துகொண்டால் ரயில் கண்ணுக்குத் தெரியாதபோதும் அது என்ன செய்யப்போகிறது என்று புரியும். நிற்கும் எஞ்சின் மூன்று முறை குறுக்கி ஊதினால் பின்னால் வரப்போகிறது. இரண்டு நீள ஊதல் என்றால் பிரேக்கை விடுவித்து முன்னேறுகிறது. நீளம், நீளம், குட்டை, நீளம் என்றால் கிராசிங் நெருங்குகிறது. இரண்டு நீள ஊதல் கேட்டதும் கடைசியாக ஒருமுறை ஃபோகஸைச் சரிபார்த்துக் கையால் நிறுத்திவிடுங்கள். நீராவிக்குள் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும்.

குளிரைப் பற்றி: பேட்டரிகளைச் சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், கேமராவில் ஒன்று மட்டும் இருக்கட்டும். சூடான பெட்டிக்குள் ஏறும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால் ஈரம் பைமேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். பத்தாயிரம் அடியில் பனியில் ஓடினால் மூச்சு முட்டும். ஒரு நாள் முன்பே சாமாவில் தங்கி, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

இரவில் யார்டில் விளக்கமைத்து எடுக்கும் நிகழ்ச்சியும் சில தனி ரயில்களோடு சேர்ந்து வரும். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயை ஃபிளாஷ் பல்புகளால் இரவில் படமெடுத்த ஓ. வின்ஸ்டன் லிங்க்தான் இந்த வகைக்கு ஆசான். ஒரு விளக்காவது பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நீராவி வழியாக வர வேண்டும், இல்லையென்றால் வரிசை முழுவதும் இருட்டுக்குள் போய்விடும். எஞ்சின் முகவிளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். டிரைபாடில் ஐந்து விநாடிக்கு மேல் போனால் நீராவி பஞ்சாகிவிடும். இரண்டு மூன்று விநாடியில் அதன் உருவம் இருக்கும்.

சாமாவுக்கு வர முடியாதவர்களுக்கு இரண்டு வழி. டென்வருக்கு மேற்கே கோல்டனில் உள்ள கொலராடோ ரயில்ரோடு மியூசியத்தில் ரியோ கிராண்டேயின் கே-37 வகை 491ஆம் எண் எஞ்சின் இருக்கிறது. சிறிய வட்டப் பாதையும் உண்டு. அகலப்பாதையில், யூனியன் பசிபிக் 2006இல் ரியோ கிராண்டேயின் பழைய வண்ணங்களில் தீட்டி 1989 என்ற எண்ணிட்ட டீசல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. சாதாரணச் சரக்கு ரயில்களின் தலையில் எங்காவது திடீரென்று வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்தபின்

பெட்டிகளின் இரும்புத்துரு நிறம் ரியோ கிராண்டேயின் அடையாளம். எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பழசு போலக் காட்டும் பழக்கம் அதை அழித்துவிடுகிறது. பனிமூட்டத்தில் எடுத்தவற்றை வேண்டுமானால் மாற்றுங்கள். புகையை மென்பொருளில் கூட்டாதீர்கள். பின்னணியில் வந்த மின்கம்பத்தை அழிப்பதா என்பது உங்கள் விருப்பம், நான் விட்டுவிடுவேன்.

படத்தின் கோப்பிலேயே விவரத்தை எழுதிவிடுங்கள்: எடுத்த நாள், இடம், எஞ்சின் எண், தெரிந்த அளவில் பெட்டிகளின் எண்கள், 'படக்காரர்களுக்கான தனி ரயில்' என்ற குறிப்பு. நன்றாக எடுத்த படம் என்றால் இருபது வருடம் கழித்து யாராவது அதை 1955ஆம் ஆண்டுப் படம் என்று எடுத்துப் போடுவார்கள். பெட்டி எண் முக்கியம். வண்ணம் பூசி, பலகை மாற்றி, எழுத்தெழுதிய தன்னார்வலர்களுக்குத் தங்கள் பெட்டி மலையேறிய படம் தேவைப்படும். அவர்கள் அமைப்புக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.